பழைய பொருள 3டி ஸ்கேன் பண்றது எப்படி

மொதல்ல ஒன்னு சொல்லிடறேன், காஸ்ட்லி லேசர் ஸ்கேனர் இல்லாட்டியும் பரவால்ல, ஒரு நல்ல கேமரா இருந்தா போட்டோகிராமெட்ரியே (நெறைய கோணத்துல எடுத்த போட்டோவ சேர்த்து 3டி மாடல் பண்றது) போதும். பொருள ஒரு தடவ வெச்சா அப்புறம் தொடாதீங்க, நீங்கதான் சுத்தி வரணும், ஒவ்வொரு போட்டோலயும் முந்தின போட்டோல வந்த பகுதி 60லேருந்து 80 சதவீதம் மறுபடி வரணும், இல்லன்னா சாஃப்ட்வேர் ரெண்டையும் சேர்க்க முடியாம ஓட்ட ஓட்டயா மாடல் குடுக்கும். ஃபிளாஷ் வேணாம், நிழல் விழாத மெதுவான வெளிச்சம் போதும். பக்கத்துல ஒரு ஸ்கேல் கட்டாயம் வைங்க, அது இல்லாம வர்ற மாடல் பாக்க அழகா இருக்கும், ஆனா அளவு எதுவும் எடுக்க முடியாது.

பளபளன்னு இருக்குற உலோகம், கண்ணாடி எல்லாம் ரொம்ப படுத்தும். அதுக்காக ஃபேக்டரில பண்ற மாதிரி வெள்ள பவுடர் ஸ்ப்ரே அடிச்சிடாதீங்க ப்ளீஸ், பழைய பொருளுக்கு அது கேடு. லைட்டுக்கும் லென்ஸுக்கும் போலரைசிங் ஃபில்டர் (ஒரு திசைல அதிர்ற வெளிச்சத்த மட்டும் விடற ஃபில்டர்) போட்டா பளபளப்பு நல்லாவே அடங்கும்.

போட்டோவ மாடலா மாத்த மெஷ்ரூம்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, ஃப்ரீதான், அதுலயே மாடல் பண்ணலாம். அப்புறம் கம்ப்யூட்டர்ல மாடலோட கலர எடுத்துட்டு வெறும் வடிவத்துக்கு மட்டும் பக்கவாட்டுல லைட் போட்டு பாருங்க, கண்ணுக்கு தெரியாம தேஞ்சுபோன எழுத்துகூட சில சமயம் பளிச்சுனு வரும் (எனக்கு இதான் ஃபேவரிட்). கொஞ்ச வருஷம் கழிச்சு மறுபடி ஸ்கேன் பண்ணி கிளவுட்கம்பேர்ங்கற சாஃப்ட்வேர்ல ரெண்டு மாடலையும் பொருத்துனா எங்க தேஞ்சிருக்கு, விரிசல் எங்க வளர்ந்திருக்குன்னு மில்லிமீட்டர் கணக்குல தெரியும். அதனால ஒரிஜினல் போட்டோ எதையும் டெலிட் பண்ணாதீங்க.