நீலியின் இடுப்பிலிருந்த கள்ளிக் கொப்பு: தொன்மத்திலிருந்து கதை எழுதத் தொடங்குவது எப்படி?

'நீலிக்கண்ணீர் வடிக்காதே' என்று திட்டு வாங்காத பிள்ளை உண்டா? அந்த நீலிக்கு ஊர் உண்டு: திருவள்ளூர் மாவட்டம், திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூர். சாமி கதை, பேய்க் கதையை வைத்து எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் இவளைத்தான் காட்டுவேன்.

படி 1: ஒரே ஒரு கதையை எடுங்கள். 'பெண் தெய்வங்கள்' என்று அகலமாக ஆரம்பித்தால் கட்டுரைதான் வரும். ஊர்ப் பெயர் உள்ள கதையாகப் பிடித்து, ஒரு பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள். இப்படி:

புருஷன் கையால் செத்தவள் பேயாகிறாள். அவன் மறுபிறவியில் வணிகனாகப் பிறந்து பழையனூர் வருகிறான். கையில் மந்திர வாள் இருப்பதால் அவளால் நெருங்க முடியவில்லை. கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு, 'புருஷன் என்னைக் கைவிட்டார்' என்று ஊர் வேளாளர் எழுபது பேர் முன்னால் அழுகிறாள். சபை அவளை நம்பி, வாளை வாங்கி வைத்துக்கொள்கிறது. 'உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம்' என்று அவனுக்கு வாக்கும் கொடுக்கிறது. விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

படி 2: வேறு வடிவங்களைத் தேடுங்கள். சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகம் இந்த வஞ்சத்தை ஒரே வரியில் தொட்டுப் போகிறது. சமணப் புலவர் ஒருவர் எழுதிய நீலகேசி என்ற காப்பியத்தில் இதே பேய் முனிச்சந்திரர் என்ற முனிவரால் மனம் மாறி, சமயவாதம் செய்யக் கிளம்பிவிடுகிறாள். குமரிப் பக்கம் போனால் அவள் இசக்கியம்மன். கொடை விழாவில் வில்லுப்பாட்டாகப் பாடுகிறார்கள். 'பழைய கதையை மாற்றலாமா' என்று தயங்குகிறவர்கள் அந்தச் சமணப் புலவரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கதைக்குள் ஒரு பொருளைப் பிடியுங்கள். எனக்கு முக்கியமான படி இதுதான். வாள், தீ எல்லாம் கண்ணில் படும். எல்லாரும் அதைத்தான் எடுப்பார்கள். நான் கள்ளிக் கொப்பை எடுப்பேன். தெற்கத்திப் பாட்டில், கொலையைப் பார்த்த சாட்சியே கள்ளிதான். அதனால்தான் அது குழந்தையாகி வருகிறது. அதை ஒடித்தால் பால் வடியும். கள்ளிப்பால் என்றதும் நம் ஊரில் எவருக்கும் தொட்டிலில் செத்த பெண் சிசுக்கள் ஞாபகம் வரும். வேறு மொழிக்காரருக்கு நீங்கள் அடிக்குறிப்பு போட்டுத்தான் விளக்க வேண்டும். தமிழில் ஒரு சொல் போதும்.

படி 4: யார் சொல்வது? 'நான் நீலி பேசுகிறேன்' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். நானும் அப்படி நாலு பக்கம் எழுதினேன், நாலும் மேடைப் பேச்சு. ஓரத்தில் நிற்கிற ஆளைத் தேடுங்கள். எழுபது பேரில் ஒருவருடைய மனைவி, கைக்குழந்தைக்காரி என்று வைத்துக்கொள்வோம்:

'அவர் தீயில் இறங்கிய மறுநாள் சபை கூடின திண்ணையைப் பெருக்கப் போனேன். தூணோரம் ஒரு கள்ளிக் கொப்பு கிடந்தது. ஒடித்த இடத்தில் பால் இன்னும் காயவில்லை. தூக்கி எறியக் குனிந்தேன். என் மார்ச் சேலை நனைந்துவிட்டது.'

நீலியின் பெயரே வரவில்லை, கவனித்தீர்களா? கோபம், சாபம், சக்தி போன்ற சொற்கள் எட்டிப் பார்த்தால் முதல் வரைவிலேயே வெட்டுங்கள்.

படி 5: போய்ப் பாருங்கள். இசக்கி பலருக்குக் குலதெய்வம். கொடைக்குப் போனால் ஃபோனை நீட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். சாமி வந்து ஆடுகிறவரைப் படம் எடுக்க வேண்டாம். பழையனூரில் எழுபது பேரும் தீப்பாய்ந்ததாகச் சொல்லும் இடத்தில் மண்டபம் இருக்கிறது. சென்னையிலிருந்து அரக்கோணம் லைனில் திருவாலங்காடு ஸ்டேஷனில் இறங்க வேண்டும். வேலியோரம் கள்ளி தென்பட்டால் ஒடித்துப் பார்க்கலாம், ஆனால் கையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். பால் பட்டால் எரியும்.