வயல் சேறு வேறு, அலையாத்திச் சேறு வேறு: காட்டு உடுப்பைத் துவைக்கும் முறை

வடுவூர் ஏரிக்கரையில் பறவை பார்க்கப் போட்ட பேன்ட்டையும், முத்துப்பேட்டையின் கடலோரச் சதுப்புக் காடான அலையாத்திக் காட்டில் நடந்த பேன்ட்டையும் ஒரே வாளியில் ஊறப்போடாதீர்கள்.

ஏரிக்கரை, வயல் வரப்புச் சேறு வெறும் களிமண். நன்றாகக் காயவிட்டு, உதறி, பிரஷ்ஷால் தட்டினால் பெரும்பகுதி பொடியாக உதிரும். ஈரத்தோடு தேய்த்தால் களி நூலிடுக்கில் ஏறி, பழுப்புத் திட்டாகத் தங்கிவிடும்.

அலையாத்திச் சேற்றுக்கு இது நேர்மாறு. அதில் உப்பு உண்டு. காயவிட்டால் உப்பு துணியிலேயே தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பித்தளை ஜிப்பில் பச்சைக் களிம்பு ஏறும், இரும்புக் கொக்கி துருப்பிடிக்கும். வந்த அன்றே நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். வேதாரண்யம் பக்கம் போர்த் தண்ணீரே உப்பாக இருந்தால், கடைசி அலசலுக்காவது குடிநீரோ பிடித்துவைத்த மழைநீரோ வேண்டும். சேற்றின் அழுகிய முட்டை நாற்றம் கந்தகத்தால் வருவது. அலசிக் காற்றாடவிட்டால் போய்விடும்.

துவைக்கும் முன் பாக்கெட்டுகளை வெளியே இழுத்து மண்ணைக் கொட்டுங்கள். நாயுருவி, ஒட்டுப்புல் விதைகளைப் பழைய சீப்பால் வாரி எடுக்கலாம். கோடியக்கரையில் சீமைக்கருவேல முள் கிழித்த இடத்தை முதலில் தைத்துவிடுங்கள். துவைத்த பிறகு தைக்கலாம் என்று விட்டால் விரல்நீளக் கிழிசல் சாண்நீளமாகும். ஜிப்பையும் வெல்க்ரோவையும் மூடி, உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள்.

10 லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சோப்புத்தூள், அரைமணி நேரம் ஊறல், அவ்வளவுதான். கல்லில் அடித்தால் பட்டன் உடையும். பிளீச் போட்டால் காக்கி நிறம் திட்டுத்திட்டாக வெளுக்கும். இரும்புச்சத்துள்ள போர்த் தண்ணீரென்றால் துருக்கறையும் சேரும். கஞ்சி போட்டால் காற்றோட்டம் குறையும், கரப்பானும் வரும். நைலான் துணிக்கு வாசனைக் கண்டிஷனர் ஆகாது. அதன் படலம் வியர்வையை உறிஞ்சவிடாது.

உண்மையான தொல்லை ஐப்பசி, கார்த்திகையில் உலர்த்துவதுதான். துணி காய்ந்தது போலிருக்கும். இடுப்புப் பட்டியும் பாக்கெட் அடித்தையலும் ஈரமாகவே இருக்கும். பூஞ்சை அங்கேதான் முதலில் பிடிக்கும். பழைய துண்டில் சுருட்டி முறுக்கி ஈரம் எடுத்து, கால்பக்கம் மேலாக மின்விசிறிக்கடியில் தொங்கவிடுங்கள். பருத்தி என்றால் தையல்மேல் சூடான இஸ்திரி ஒருமுறை ஓட்டலாம்; நைலானுக்குக் குறைந்த சூடு போதும்.

ஜிப் இறுகினால் மெழுகுவர்த்தித் துண்டைப் பல்வரிசையில் தேயுங்கள். எண்ணெய் விட்டால் மண் ஒட்டும்.