காட்டுப் பாதையில ஒளிச்சு வச்ச லெட்டர்பாக்ஸைக் கண்டுபிடிக்கிறது எப்படி

லெட்டர்பாக்ஸ்னதும் சிவப்பு தபால் பெட்டியை நினைச்சுக்காதீங்க. இது ஒரு சின்ன டப்பா, உள்ள ஒரு நோட்டும் ரப்பர் ஸ்டாம்பும் இருக்கும், யாரோ பாதையோரமா ஒளிச்சு வச்சுட்டு க்ளூ மட்டும் எழுதிக் குடுப்பாங்க, நாம தேடிப் போகணும். இங்கிலாந்துல டார்ட்மூர்ல 1854ல ஜேம்ஸ் பெரட்னு ஒரு வழிகாட்டி, கிரான்மியர் பூல்ங்கிற ஆளரவமே இல்லாத இடத்துல ஒரு பாட்டிலை வச்சு, அம்புட்டு தூரம் நடந்து வர்றவங்க அவங்கவங்க விசிட்டிங் கார்டைப் போட்டுட்டுப் போகட்டும்னு ஆரம்பிச்சது. காரைக்குடியில நாங்க கூட்டாளிகளும் சொந்தக்காரப் பசங்களுமா பிரான்மலை, திருமயம் பக்கமெல்லாம் வச்சு மாத்தி மாத்தித் தேடுறோம்.

க்ளூவுல தூரத்தை இத்தனை தப்படின்னுதான் எழுதியிருப்பாங்க, அதனால கிளம்புறதுக்கு முன்னாடி உங்க தப்படியை அளந்துக்கங்க, இதான் ரொம்ப முக்கியம். வீட்டுத் தெருவுல 30 மீட்டர் டேப் பிடிச்சு அளந்து சாதாரணமா நடந்து எத்தனை தப்படி வருதுன்னு எண்ணுங்க, மேட்டுல ஏறும்போது தப்படி சின்னதாயிரும், அதையும் ஒரு சரிவுல நடந்து பார்த்துருங்க. க்ளூ எழுதுனவர் நெட்டையா குட்டையான்னு தெரிஞ்சா இன்னும் நல்லது.

அப்புறம் காம்பஸ். போன்ல இருக்கறதே போதும், ஆனா காந்தம் வச்ச கவரைக் கழட்டிருங்க, இல்லன்னா முள்ளு எங்கயாவது காட்டும். திசையில 5 டிகிரி தப்புனா 30 மீட்டர்ல ரெண்டரை மீட்டர் கிட்ட விலகிரும், அதனால காம்பஸ் காட்டுற நேர்ல தூரத்துல ஒரு மரத்தையோ பாறையையோ குறி வச்சுக்கிட்டு அதைப் பார்த்தே நடங்க, கையையே பார்த்து நடந்தா கால் தானா பள்ளத்துப் பக்கம் இழுக்கும்.

ஒரு க்ளூ இப்படி இருக்கும்: "ரெண்டாவது வளைவுல மலைக்கு முதுகைக் காட்டி நில்லு, 110 டிகிரி, 40 தப்படி, ஒட்டிக்கிட்டிருக்கிற ரெண்டு பாறை, வடக்குப் பார்த்த பொந்து." 110 டிகிரின்னா காம்பஸ்ல வடக்குல இருந்து வலப்பக்கமா எண்ணுற திசை. இதை வீட்டுலயே நாலு தடவை படிச்சுருங்க. எது அசையாத அடையாளம், எது மாறக்கூடியதுன்னு பிரிக்கணும். பாறை மாறாது, ஆனா "ஆவாரஞ்செடிக்குப் பக்கத்துல"ன்னு எழுதியிருந்தா மழைக்கப்புறம் சுத்தி நூறு ஆவாரஞ்செடி நிக்கும். இடத்துக்கு வந்ததும் உடனே குனியாதீங்க. சும்மா நின்னு பாருங்க. தானா விழுந்த கல்லுல வெயில் பட்ட பக்கம் மேல இருக்கும், யாரோ எடுத்து வச்ச கல்லுல மண்ணு ஒட்டுன பக்கம் மேல தெரியும், சருகு ஒரே இடத்துல குமிஞ்சு கிடக்கும். பெரும்பாலும் அங்கதான்.

பொந்துல கையை மட்டும் விடாதீங்கப்பா! கண்ணாடி விரியனும் தேளும் இருக்கற ஊரு இது. நீளக் கம்பால முதல்ல தட்டுங்க, டார்ச் அடிங்க, கம்பாலயே டப்பாவை வெளிய இழுங்க, மூடுன ஷூ போட்டுக்கங்க. சித்திரை வெயில்ல போகவே வேணாம், மார்கழி தை மாசம் காலையில கிளம்பிருங்க.

இன்னொண்ணு, பாறைக்கடியில கல்லைப் புரட்டிக்கிட்டு இருந்தா புதையல் தேடுறாங்கன்னு ஊருக்குள்ள பேச்சு வந்துரும். ஆடு மேய்க்கிற அண்ணன் யாராவது "என்னத்தைத் தேடுறீக"ன்னு கேட்டா மறைக்காம சொல்லிருங்க, பெரும்பாலும் அவரே கூட வந்து தேடுவாரு, அந்தக் காடு அவருக்குத்தானே தெரியும். வனத்துறை காடுன்னா அனுமதி வாங்கிட்டுப் போங்க. அய்யனார் கோயில் காட்டுல கல்லைத் தொடவே கூடாது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயப் பக்கமும் வேணாம், கொள்ளுக்குடிப்பட்டிக்காரங்க பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூடப் போடுறதில்ல, நாம போய்க் கலைக்கலாமா?

டப்பா கிடைச்சா அந்த ஸ்டாம்பை உங்க நோட்டுல குத்துங்க, உங்க ஸ்டாம்பை அதுல இருக்கற நோட்டுல குத்தித் தேதி போடுங்க. ஸ்டாம்பை நீங்களே செதுக்குங்க, பெரிய அழிரப்பர்ல பிளேடால ஆத்தங்குடி டைல்ஸ் பூ ஒண்ணு வெட்டுனா அவ்வளவு அழகா விழும், எழுத்துன்னா மட்டும் கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பி வெட்டணும். இங்க் காய்ஞ்சப்புறம் நோட்டை மூடி, ஜிப் கவர்ல காத்தை அழுத்தி எடுத்துட்டு, மண்ணு ஒட்டாத மாதிரி மூடியைத் துடைச்சுப் போடுங்க. ஈரம் ஏறியிருந்தா வச்சவருக்கு அன்னைக்கே சொல்லிருங்க. டப்பாவை எடுத்த பொந்துலயே எடுத்த மாதிரியே வைங்க, இன்னும் நல்ல இடம்னு நகர்த்தாதீங்க, கல்லை மண்ணுப் பக்கம் கீழ இருக்கற மாதிரி போட்டு மூடுங்க.