பேர்ல் மாஸ் வளர்ப்பது எப்படி? (முதலில், அது மாஸே இல்லை)

மாஸ் என்பது ஈரச் சுவரில் பச்சை மெத்தையாகப் படரும் குட்டிச் செடி. மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் ‘பேர்ல் மாஸ்’ என்று கேட்டு வாங்கும் செடியோ லிவர்வொர்ட் என்ற வேறு வகை. மாஸுக்குத் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். தாவரவியல் பெயர் சொலெனோஸ்டோமா டெட்ரகோனம். வெப்பமண்டல ஆசியாவின் ஈரமான இடங்களில் வளரும்.

ஒரு துண்டை எடுத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். மெல்லிய தண்டின் இரண்டு பக்கமும் வட்ட வட்டமாக இலைகள் வரிசை கட்டியிருக்கும். மாஸ் இலையில் பெரும்பாலும் நடுநரம்பு இருக்கும், இதில் இருக்காது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பச்சைக் கண்ணாடித் தாள் போலத் தெரியும். காரணம், இலையின் தடிமனே ஒரே ஒரு செல்தான். வேரும் கிடையாது; அடியில் இருக்கும் மெல்லிய இழைகள் பிடித்துக்கொள்வதற்கு மட்டும். தண்ணீரை உடம்பு முழுக்கக் குடிக்கும், அதே வேகத்தில் இழந்தும்விடும். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு விஷயத்தை ஒட்டித்தான்.

முதலில் டப்பா. மீன்தொட்டிக்குப் போகும் முன் செடி இதில்தான் படரப்போகிறது. மூடி உள்ள, ஒளி புகும் எதுவும் போதும். கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ, 10 செ.மீ. உயரம் இருந்தால் தாராளம்.

அடியில் இரண்டு விரல்கடை அளவுக்கு அக்வா சாயில் (மீன்தொட்டிச் செடிகளுக்கென விற்கும் மண் உருண்டைகள்) பரப்புங்கள். தென்னை நார்த்தூளும் ஆகும். ஆனால் அதில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் நாலைந்து முறை அலசிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். உரம் வேண்டாம். வேரே இல்லாத செடிக்கு மண்ணில் உரம் வைத்தால் பச்சைப்பாசிதான் கொழுக்கும்.

அடுத்தது தண்ணீர். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். குழாய்த் தண்ணீர் ஆவியானதும் அதிலிருக்கும் உப்பு இலை மேலேயே தங்கிவிடும். நாளாக ஆக ஓரம் கருகும். மழைத்தண்ணீர், டிஸ்டில்டு வாட்டர், ஆர்.ஓ. தண்ணீர் இவற்றில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். ஏசியிலிருந்து சொட்டுவதும் சுத்தமான தண்ணீர்தானே என்று தோன்றும். அது செம்புக் குழாய்களின் மேல் வழிந்து வருவது. செம்பு இந்தச் செடிக்கு ஆகாது.

தளம் நன்றாக நனைய வேண்டும், ஆனால் டப்பாவைச் சாய்த்தால் தண்ணீர் ஓடி வரக்கூடாது. செடியை அலசி, பாசி இழை ஒட்டியிருந்தால் இடுக்கியால் எடுத்துவிட்டு, ஒரு செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். குவிக்காமல் தூவுங்கள், குவிந்த இடத்தில் அடித்துண்டுகள் அழுகும். அப்புறம் விரல் நுனியால் மெல்ல அழுத்தி, ஒருமுறை ஸ்ப்ரே செய்து மூடிவிடுங்கள்.

வெளிச்சம் வேண்டும், நேரடி வெயில் கூடாது. மூடிய டப்பாவில் அரை மணி நேர வெயிலே செடியை வேகவைத்துவிடும். எல்.இ.டி. விளக்கென்றால் தினமும் 8 முதல் 10 மணி நேரம். வெப்பம் 20 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நல்லது.

சரி, இனி காத்திருப்பு. முதல் இரண்டு மூன்று வாரம் எதுவும் நடக்காது. சில துண்டுகள் பழுப்பாகவும் மாறும். என் முதல் டப்பாவை செத்துவிட்டதென்று கொட்டப் போனேன். நல்லவேளை, கடைசியாக லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பழுப்புத் தண்டின் பக்கவாட்டில் குண்டூசித் தலை அளவுக்குப் பச்சை மொட்டுகள்! பூஞ்சணம் வந்தால் அந்தத் துண்டை எடுத்துவிட்டு, தினமும் சற்று நேரம் மூடியைத் திறந்து வையுங்கள். மூடியின் உட்புறம் பனித்திருக்கும்வரை ஸ்ப்ரே தேவையில்லை.

நாலைந்து மாதத்தில் மெத்தை போலப் படர்ந்துவிட்டால் மீன்தொட்டிக்கு மாற்றலாம். கல்லில் மெல்லியதாகப் பரப்பி நூலால் சுற்றுங்கள். இது தானாகக் கல்லை இறுகப் பிடிக்காது. அதனால் நாளடைவில் இற்றுப்போகும் பருத்தி நூல் வேண்டாம், நைலான் நூல்தான் சரி. கத்தரிக்கும்போது ஃபில்டரை நிறுத்திவிட்டு, மிதக்கும் துணுக்குகளை வலையில் அள்ளுங்கள். அவற்றைத் தூக்கிப் போடாமல் பழைய டப்பாவிலேயே தூவிவிடலாம்.