சிவப்பு ஒயினையும் கொஞ்சம் குளிரவிடுங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ஒயின் பரிமாறும் உணவகத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் அருந்த வேண்டும் என்பார்கள். அவர்கள் சொல்லும் அறை, ஐரோப்பாவின் குளிர்ந்த அறை. ஏறக்குறைய 16 முதல் 18 டிகிரி. நம் ஊர் ஏப்ரல் வெயிலில் அதே ஒயின் வெதுவெதுப்பாகிவிடும். பழ மணம் அடங்கி ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். பாட்டிலை 15 நிமிடம் ஐஸ் வாளியில் வைக்கச் சொல்லுங்கள், தயங்கவே வேண்டாம். கோப்பைக்குள் ஐஸ் கட்டி மட்டும் போடாதீர்கள், ருசி நீர்த்துவிடும்.

காரமான வறுவலுக்குத் துவர்ப்பான சிவப்பு ஒயின் சேரவே சேராது. நாக்கு இன்னும் எரியும். சற்று இனிப்பான வெள்ளை ஒயின் இதமாக இருக்கும்.

மேசையை ஒலிபெருக்கிக்கும் சமையலறைக் கதவுக்கும் தள்ளிக் கேட்டு வாங்குங்கள். தாளிப்பு வாசனையில் ஒயினின் மணம் எங்கே தெரியும்?

திரும்பி வருவது 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில். வண்டி ஓட்டுபவருக்கு மாம்பழச் சாறுதான்.