மாலை போட்ட இரண்டாம் நாள்: குடியை விடும்போது செய்யும் தவறுகள்

வெறும் வயிற்றில் குடிக்காதே, குடித்துவிட்டு வண்டி எடுக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. குடியை நிறுத்தி ஏழு வருடம் ஆகிறது. புதிதாக விட வருபவர்களோடு வாரம் ஒருநாள் உட்கார்ந்து பேசுகிறேன். நான் விழுந்த குழியிலேயே வரிசையாக விழுகிறார்கள்.

"பீர்தானே!"

8 சதவீத ஸ்ட்ராங் பீர், 650 மில்லி பாட்டிலில் சுமார் 40 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஒரு குவார்ட்டரில் 60. இரண்டு பீர் குடிப்பவர் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

சட்டென்று நிறுத்துவது

இதைக் கேட்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்துவார். ஊரே மெச்சும். நானும் அப்படித்தான் நிறுத்தினேன். முதல் நாள் ராத்திரி வியர்த்துக் கொட்டியது, தூக்கமில்லை. மறுநாள் காலை கற்பூரம் ஏற்றும்போது வலிப்பு வந்து விழுந்தேன். சாமி குத்தம் என்றார்கள். அடுத்த நாள் ஆஸ்பத்திரிச் சுவர் முழுக்க எறும்பு ஊர்ந்தது, என் கண்ணுக்கு மட்டும்.

குத்தமெல்லாம் இல்லை. மது மூளையை மந்தமாக்கும். அதை ஈடுகட்ட மூளை தன்னை முடுக்கியே வைத்திருக்கும். மது நின்றதும் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம்; இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் புத்தி தடுமாறலாம். உயிரும் போகலாம்.

தினமும் குடிப்பவர் டாக்டரிடம் போய்த்தான் நிறுத்த வேண்டும். நடுக்கம் அடங்க மாத்திரை கொடுத்துச் சில நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள், வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். பி1 குறைந்த உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். "ஒரு பாட்டில் ஏத்துங்க" என்று நீங்களே கேட்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. யாரிடம் கேட்பது என்று தயங்கினால் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்யலாம். போன வருடம் ஒரு தம்பி ஐப்பசியிலேயே வார்டில் படுத்து, தெளிந்து, அப்புறம் மாலை போட்டார். அதுதான் முறை.

சாம்பாரில் மாத்திரை

குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையைக் கணவருக்குத் தெரியாமல் கலக்காதீர்கள், அக்கா. அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போய்விடலாம்.

ஈரல் டானிக்

மதுவையும் விடாமல் இதையும் குடித்தால் காசுக்குக் கேடு.

மலை இறங்கியதும் பழைய அளவு

ஒரு மண்டலம் தொடாத உடம்பு அதைத் தாங்காது.