இயற்கையிலிருந்து வேதபாடம் எடுக்க எளிய வழி

குடும்ப ஜெபத்திற்கோ ஞாயிறு பள்ளிக்கோ இயற்கையிலிருந்து ஒரு பாடம் தேடுகிறவர்கள், கண்ணில் பட்டதற்கெல்லாம் தாமே பொருள் கற்பிப்பதைவிட, இயேசு சுட்டிக்காட்டிய காட்டுப்புஷ்பம் (மத்தேயு 6:28), அடைக்கலான் குருவி (10:29), கடுகுவிதை (13:31), கோதுமை மணி (யோவான் 12:24) ஆகியவற்றில் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. பொருளை வேதபகுதியே சொல்லிவிடுவதால் ஆயத்த நேரம் வெகுவாகக் குறைகிறது. அஞ்சறைப்பெட்டிக் கடுகைப் பிள்ளைகளின் உள்ளங்கையில் வைத்து வாசித்தாலே போதும். கடுகு சிறியது என்பதோடு நிறுத்திவிடாமல், ஆகாயத்துப் பறவைகள் வந்து அடையுமளவுக்கு அது வளர்வதையும் அவசியம் வாசியுங்கள். உவமையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

விபத்து, நோய், வெள்ளம் போன்ற துன்பங்களுக்கு, இப்படிப் பாடம் எடுக்கும் முறை பொருந்தாது. எருசலேமிலுள்ள சீலோவாம் என்ற இடத்தில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரை மற்றவர்களைவிடக் குற்றவாளிகளாக எண்ணுவதை இயேசுவே மறுத்தார் (லூக்கா 13:4-5).